துரை பெட்டிக்கு எத்தனை வோல்ட்?

ஆறாங்கட்டை ரப்பர் தோட்டத்துச் சனங்கள் ஜெலாப்பாங்கின் புது மலிவு வீட்டு வரிசைக்குக் குடிவந்தது எண்பத்தேழாம் வருடம், தைப்பூசம் முடிந்த கையோடு. வந்த முதல் வாரத்திலேயே மூன்று ரேடியோ, இரண்டு மேசை விசிறி, ஓர் இஸ்திரிப் பெட்டி ஆகியவை உயிரை விட்டன. எல்லாவற்றுக்கும் ஒரே நோய்தான். தோட்டத்து இஞ்சின் வெள்ளைக்காரன் காலத்து உருப்படி. அது கொடுத்தது நூற்றுப்பத்து வோல்ட், அதையும் முழுசாகக் கொடுத்ததாக யாரும் சத்தியம் பண்ண முடியாது. அந்த வோல்ட்டுக்கென்று தேடித் தேடி வாங்கிய சாமான்களை லாரியில் ஏற்றி வந்து, இருநூற்று நாற்பது வோல்ட் ஓடுகிற புதுச் சுவரில் ஒரு யோசனையும் இல்லாமல் சொருகினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு 'டப்'. பின்னாலேயே கொஞ்சம் புகை. புகைக்குப் பின்னால் அந்த வீட்டுப் பெண்பிள்ளையின் வசவு.

கார்த்திகேசு கிராணியார் வீட்டு 'டப்' நான்காம் நாள் கேட்டது. முதல் மூன்று நாளும் அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "என்ன சனங்க இதுங்க, வோல்ட்டப் பாத்துச் சொருகத் தெரியல" என்று மற்றவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இருபது வருடம் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதியவர், சிரிக்க உரிமை உண்டு என்று நினைத்திருக்கலாம். நான்காம் நாள் அந்தச் சிரிப்பு நின்றது. எரிந்தது ரேடியோவாக இருந்தால்கூடப் பரவாயில்லை. எரிந்தது துரை பெட்டியின் அடாப்டர்.

துரை பெட்டி என்னவென்று வரிசையில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. பள்ளிக்கூடத்து வரைபடப் புத்தகம் அளவு, டைப்ரைட்டர் மாதிரி எழுத்துக் கட்டைகள், அதற்கு மேலே ஒரு சாண் நீளத்துக்குச் சாம்பல் நிறக் கண்ணாடி. மடியில் வைத்துத் தட்டலாம். இன்றைக்கு மடிக்கணினி என்று தெருவுக்குத் தெரு விற்கிறார்களே, அதற்குப் பாட்டன். தோட்டத்துக் கடைசி மேனேஜர் அமெரிக்காவுக்குப் போனபோது வாங்கி வந்தது. அவர் பினாங்கில் பிறந்து வளர்ந்த நம்ம நிறத்து ஆள்தான். இருந்தாலும் மேனேஜர் என்றால் நம் சனங்களுக்குத் துரைதான்.

ஆறாங்கட்டை ஆபீசில் மூன்று தடித்த பிறப்புப் புத்தகங்கள் இருந்தன. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி: பேர், தகப்பன், தாய், எந்த லயம், எந்த வீடு, தேதி. கடைசியில் சிவப்பு மையில், பத்து காஜா ஊர்ப் பதிவு அலுவலகத்தில் கொடுத்த எண். கறையான் ஒரு பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தது. "புத்தகம் போறதுக்குள்ள எல்லாத்தையும் பெட்டியில ஏத்திடு, கார்த்தி" என்றார் துரை. கார்த்திகேசு எட்டு மாதம் ஒற்றை விரலால் ஏற்றினார். நானூற்றுப் பன்னிரண்டு பேர். அந்த எட்டு மாதமும் அவர் நடந்த நடையைப் பார்த்தவர்கள், தோட்டத்தில் அத்தனை பேரையும் பெற்றதே அவர்தான் என்று நினைத்திருப்பார்கள்.

அப்புறம் தோட்டம் விற்றுப்போனது. துரை கிளம்பும்போது பெட்டியைக் கார்த்திகேசு கையிலேயே கொடுத்து, ஒன்று சொன்னார். "உள்ள சின்ன பேட்டரி இருக்கு. மாசம் ஒரு தடவை கரண்டு குடு. ரெண்டு மாசம் பட்டினி போட்டா ஏத்துனது எல்லாத்தையும் மறந்துடும்."

புத்தகங்கள் என்ன ஆயின? இது கிராணியார் மனைவி நவமணிக்கு மட்டும் தெரிந்த விஷயம், அதனால் வரிசையில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆபீசைக் காலி செய்த அன்று பழைய சாமான் லாரி வந்தது. பெட்டியில்தான் எல்லாம் இருக்கிறதே என்ற தைரியத்தில் கிராணியார் மூன்று புத்தகத்தையும் பழைய பேப்பரோடு தூக்கிப் போட்டார். லாரிக்காரர் பதிலுக்கு ஓர் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் வாளி கொடுத்தார். ஆறாங்கட்டையில் ஐம்பது வருடம் பிறந்தவர்கள் அத்தனை பேரும் அந்த வாளியாக மாறி, நவமணியின் குளியலறைக்குள் போய்ச் சேர்ந்தார்கள்.

அடாப்டர் எரிந்ததும் கிராணியார் பெட்டியைத் துடைத்து, அலமாரி மேல் வைத்து, நவமணி பின்னிய துணியால் மூடினார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் பார்க்கலாம் என்று ஏழு வாரம் போனது.

ஏழாம் வாரம் முடிந்த திங்கட்கிழமை செல்லாயி வந்தாள்.

முப்பத்தைந்து வருடம் பால் வெட்டிய கை. இப்போது ஜெலாப்பாங் தொழிற்சாலை ஒன்றில் தரை துடைக்கும் வேலை. வாசலில் செருப்பை விட்டபடியே ஆரம்பித்தாள்.

"கிராணியாரே, உங்களத்தான் நம்பி வாரேன். பத்து காஜா ஆபீசுக்குப் போயிட்டு வந்தேன்லா."

"நீல ஐசி விஷயமா? குடியுரிமைக்குத்தானே?"

"வேற என்ன? அங்க இருக்கிற மலாய்க்கார ஆபீசர் தங்கமான மனுசன். 'மாக்சிக், பொறந்த நம்பர் மட்டும் கொண்டுவா, பெரிய புக்க நானே தேடி எடுக்கிறேன்'னு சொல்லிட்டாரு. வர்ற வியாழக்கிழமைக்குள்ள வரணும். வெள்ளிக்கிழமையோட அவருக்கு மாத்தல். அடுத்து வாரவன் எப்படியோ, யாரு கண்டா?"

"உங்க சூராட் பெரானாக் எங்க?"

"என் பொறந்த சீட்ட அம்மா தகர டப்பால வச்சிருந்துச்சு. எலி தின்னுச்சா, வெள்ளம் கொண்டுபோச்சா, யாருக்குத் தெரியும்? பொறந்தது ஆறாங்கட்டை, பால் வெட்டுனது ஆறாங்கட்டை, புருசன எரிச்சது ஆறாங்கட்டை. அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா, நாட்டுரிமை இல்லாதவளுக்குக் குடுத்த செகப்பு ஐசிய நீட்டிக்கிட்டு வரிசையில நின்னு, நான் எந்த நாட்டுக்காரின்னு சொல்லணுமாம். நான் எந்த நாட்டுக்காரி, நீங்களே சொல்லுங்க?"

கிராணியாருக்குப் பழைய ஆபீஸ் நாற்காலி ஞாபகம் வந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்தினார்.

"இதெல்லாம் ஒரு வேலையா? பெட்டியில தட்டுனா உங்க ஜாதகமே வந்து நிக்கும். வியாழக்கிழமை காலைல நானே கூட வாரேன்."

"புக்கு?"

"புக்கெல்லாம் கம்பெனிக்கு அனுப்பியாச்சு."

உள்ளே குளியலறையில் வாளி ஒன்று வேண்டுமென்றே தரையில் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது.

செல்லாயி கும்பிட்டுவிட்டுப் போனாள். அவள் போகும்வரை காத்திருந்து நவமணி வெளியே வந்தாள்.

"பெட்டிக்கு உசிரு இருக்கா?"

"இருக்கும்லா. தோட்டத்துல கடைசியாக் குடுத்த கரண்டுக்கு இன்னும் ரெண்டு மாசம் ஆகலையே. அஞ்சாறு நாள் இருக்கு."

"இல்லன்னா?"

கார்த்திகேசு அலமாரியிலிருந்து பெட்டியை இறக்கி, துணியை விலக்கி, ஒரு கட்டையை அமுக்கிப் பார்த்தார். கண்ணாடி சாம்பலாகவே இருந்தது.

"அந்தப் பொம்பள உங்கள நம்பிக் கும்பிட்டுப் போகுது" என்றாள் நவமணி. அவள் இத்தோடு வாயை மூடிக்கொண்டால் விஷயம் கொஞ்சம் பெரியது என்று அர்த்தம்.

மறுநாள் சாயங்காலம் கிராணியார் பெட்டியைக் குளியல் துண்டில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவது போல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கஸ்பார் வீட்டுக்கு நடந்தார். வரிசையின் கோடி வீடு. முன்னறையில் ரேடியோ, டிவி ரிப்பேர். தோட்டத்துச் சனங்கள் குடிவந்த பிறகு கஸ்பாருக்கு வேலை பெருகிவிட்டது. தினமும் காலை மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றும்போது ஆறாங்கட்டை இஞ்சினுக்கும் சேர்த்து ஒரு நன்றி சொல்கிறார் என்று வரிசையில் பேச்சு.

"எத்தன வோல்ட்டு, சார்?"

"அது தெரிஞ்சா ஒங்கிட்ட எதுக்கு வாரேன் கஸ்பார்?"

கஸ்பார் பெட்டியைக் கவிழ்த்தார். அடியில் ஒட்டியிருந்த வெள்ளித் தாளில் ஓர் எழுத்துகூட மிச்சமில்லை, துடைத்துவிட்டது போல் இருந்தது.

"இத யாரு இப்படித் தேய்ச்சது?"

எட்டு மாதம் மடியில் வைத்துத் தேய்த்தவர் கூரையைப் பார்த்தார்.

"அடாப்டர்ல போட்டிருக்குமே, அது எங்க?"

"அதான் உன்கிட்டயே குடுத்துட்டேனே, உள்ள செம்புக்கம்பி இருக்கும்னு கேட்டு வாங்குனியே."

கஸ்பார் மேசைக்கடியிலிருந்து பெரிய பிஸ்கட் டின் ஒன்றை இழுத்தார். அதற்குள் ஆறாங்கட்டைத் தோட்டமே கருகிக் கிடந்தது. சன்னாசி வீட்டு ரேடியோவின் டிரான்ஸ்பார்மர், பத்துமலை வீட்டு விசிறியின் சுருள், யார் வீட்டதோ இஸ்திரிக் கம்பி. கிளறக் கிளறப் பழைய தீய்ந்த வாசனை எழும்பியது. கடைசியில் கிராணியாரின் கறுப்புக் கட்டை அகப்பட்டது. ஒரு பக்கம் உருகி வழிந்திருந்தது. வழிந்த இடத்தில்தான் எண். வளைந்த ஒரு கோடு மட்டும் தெரிந்தது. ஆறு, எட்டு, ஒன்பது, எதுவாகவும் இருக்கலாம்.

"ஒம்போதுன்னு வச்சுக் குடுக்கட்டா?"

"தப்பாப் போனா?"

"பெட்டி போயிடும் சார். உள்ள இருக்கிறதும் போயிடும்."

கார்த்திகேசு முகத்தைப் பார்த்து கஸ்பாருக்கே மனசு கேட்கவில்லை. திருகாணியைக் கழற்றி அடிமூடியைத் திறந்தார். உள்ளே பச்சைத் தாள் சுற்றிய நான்கு சின்ன பேட்டரிகள் வரிசையாக, நான்கு பேர் ஒரே பாயில் படுத்ததுபோல் கிடந்தன.

"இதுல ஒவ்வொண்ணும் ஒண்ணே கால் வோல்ட்டுக்குக் கொஞ்சம் கம்மி. நாலும் சேர்ந்தா அஞ்சுக்குள்ள. இதுக்குச் சோறு ஊட்டணும்னா அஞ்சுக்கு மேல கொஞ்சம் வேணும். ஆறு சார். ஆறேதான். எட்டும் இல்ல, ஒம்போதும் இல்ல."

அதைச் சொன்னபோது கஸ்பார் பெரிய டாக்டர் மாதிரி இருந்தார். முதுகில் தட்டிக்கொள்ள அவருக்குக் கை எட்டவில்லை, அவ்வளவுதான். மூடியை மாட்டி, பல வோல்ட் அடாப்டர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதன் தலையில் ஒரு திருகு: மூன்று, நாலரை, ஆறு, ஏழரை, ஒன்பது, பன்னிரண்டு. ஆறில் வைத்து, கம்பியின் முனையை ரேடியோக்களுக்கு வைக்கிற மாதிரியே வைத்துக் கொடுத்தார். பெட்டியின் ஓட்டைக்குப் பக்கத்தில் எறும்பளவு ஒரு படம் அச்சடித்திருந்தது. கஸ்பார் கண்ணில் அது படவில்லை. அவருக்குக் கிட்டப் பார்வை போய் நாலு வருடம் ஆகிறது. கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டதென்று சனங்கள் சொல்லுமே என்று போடுவதில்லை. கண்ணாடி போடாமலே சனங்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தன.

"உங்க வீட்லயே போட்டுப் பாருங்க சார். எனக்கு இப்ப கோயில்ல பாட்டுப் பயிற்சி இருக்கு."

அன்றிரவே சொருகிப் பார்க்கக் கிராணியாருக்குத் தைரியம் வரவில்லை. புதன்கிழமை புது வேலை முடிந்து அவர் வீடு திரும்பும்போது மணி ஐந்தரை. முன்னறையில் பதினைந்து பேர் இருந்தார்கள். யாரையும் அவர் கூப்பிடவில்லை. துரை பெட்டி செல்லாயியின் பிறப்பைச் சொல்லப்போகிறது என்றால், கூப்பிட்டா வருவார்கள்? செல்லாயி மட்டும் வாசற்படி ஓரம், வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். நவமணி தேத்தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கை வலித்துக் களைத்திருந்தாள்.

முன்வரிசையில் இஞ்சின் சன்னாசி. இருபத்திரண்டு வருடம் தோட்டத்து இஞ்சினை ஓட்டியவர். கரண்டு விஷயத்தில் தன்னைக் கேட்காமல் யாரும் ஒரு சுவிட்சைத் தொடக்கூடாது என்பது அவர் கட்சி.

கிராணியார் பெட்டியை மேசையில் வைத்தார். அடாப்டரைச் சுவரில் சொருகினார். ஆறில் இருக்கிறதா என்று பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு கம்பியைப் பெட்டியில் சொருகினார்.

டப் என்று ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தார். கண்ணாடி சாம்பலாகவே இருந்தது.

கட்டைகளைத் தட்டினார். மூடியைத் தட்டினார். செத்த கோழியைத் தட்டுவதுபோல் இருந்தது.

"ரோசாக்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"யாருடா அது, வாய மூடு" என்றார் சன்னாசி. "கெட்டுப்போகலலா. கரண்டு பத்தல. ஆறு வோல்ட்டு ஒரு கரண்டா? டார்ச் லைட்டுக்கே நாலு பேட்டரி போடுறோம். கிராணியாரே, கூட்டுங்க."

அதைக் கேட்டதும் அறையில் இருந்த எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தோட்டம் ஞாபகம் வந்தது. ஆறு மணிக்குப் புகைக்கூடத்துக்குப் பின்னால் இஞ்சின் இருமிக்கொண்டு கிளம்பும். லயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குண்டு பல்பு பழுத்த எலுமிச்சம்பழ நிறத்தில் விழிக்கும். துரை பங்களாவில் ஐஸ் பெட்டி ஓட ஆரம்பித்தால் அத்தனை பல்பும் சுருங்கிவிடும், ரேடியோவில் பாடுகிறவருக்குத் தொண்டை கட்டிவிடும். அப்போது முதல் லயத்திலிருந்து யாராவது கத்துவார்கள்: "சன்னாசி அண்ணே, கூட்டு!" இரண்டாம் லயம் அதை வாங்கிக் கத்தும். மூன்றாம் லயம், நாலாம் லயம். அந்தக் கத்தல் பால் கொட்டகையைத் தாண்டி இஞ்சின் கொட்டகைக்குப் போய்ச் சேரும். சன்னாசி எண்ணெய்ப் பிடியை ஒரு தள்ளு தள்ளுவார். பல்பு நிமிரும். பாட்டுக்காரருக்குக் குரல் திரும்பும். இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கூட்டலில் கெட்டுப்போன சாமான் ஒன்றுகூட இல்லை. கூட்டினால் எதுவும் நன்றாக ஓடும் என்பது ஆறாங்கட்டைப் பிள்ளைகள் தாய்ப்பாலோடு கற்றுக்கொண்ட பாடம்.

"கூட்டுங்க கிராணியாரே" என்றது ஒரு குரல்.

"கூட்டு! கூட்டு!" என்று முன்னறை முழுக்க எழும்பியது. குரலில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. இரண்டு மாதமாக யாரும் அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொல்லியிருக்கவில்லை.

கார்த்திகேசு திருகை ஏழரைக்குத் தள்ளினார். ஒன்றுமில்லை. ஒன்பதுக்கு வைத்தார். ஒன்றுமில்லை. கஸ்பார் சொன்ன 'ஆறேதான்' காதில் ஒலித்தது. ஆனால் கஸ்பார் அன்றைக்கும் கோயிலில் பாடிக்கொண்டிருந்தார், இங்கே பதினைந்து பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். படியோரம் செல்லாயி கத்தவில்லை. அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசிக்குக் கொண்டுபோங்க" என்றார் சன்னாசி. "நான் பொறுப்பு."

திருகு பன்னிரண்டை நோக்கி நகர்ந்தது.

"கைய எடுங்க சார்!"

வாசலில் ஆலிஸ் நின்றாள். கஸ்பாரின் மனைவி. தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகிற வழி, நீலக் கோட்டு இன்னும் உடம்பில். கூச்சலைக் கேட்டு யாருக்கோ வலிப்பு என்று நினைத்து ஓடி வந்தவள். ஆறு வருடமாக எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடிக்குக் கீழே ஈ முட்டை அளவு சாமான்களை வைத்துப் பற்றவைக்கிற வேலை அவளுக்கு.

"எவ்ளோல வச்சிருக்கீங்க? ஒம்போதா? ஐயோ மாதாவே. கழட்டுங்க. மொதல்ல கழட்டுங்க."

"கரண்டு பத்தலம்மா" என்றார் சன்னாசி.

"நீங்க சும்மா இருங்கண்ணே. உங்க கரண்டுல எரிஞ்சதெல்லாம் எங்க வீட்டு டின்னுல கெடக்கு."

"எங்க கரண்டுல எங்கம்மா எரிஞ்சது? எரிஞ்சதெல்லாம் உங்க ஜெலாப்பாங் கரண்டுலதான்!"

அறை சிரித்தது. ஆலிஸ் சிரிக்கவில்லை. பெட்டியைத் தூக்கி, ஓட்டைக்குப் பக்கத்தைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இங்க பாருங்க. வட்டமும் கோடும் போட்டு, உள்ள கூட்டல் குறி, வெளிய கழித்தல் குறி. ரேடியோவுக்கெல்லாம் உள்ள கழித்தல். எங்க வீட்டு மனுசன் ரேடியோ மாதிரியே வச்சுக் குடுத்திருக்காரு. கரண்டு பத்தாம இல்ல, தலைகீழாப் போகுது. நல்ல காலம், தலைகீழாப் போனா உள்ள விடாத மாதிரி செஞ்சிருக்கான் அமெரிக்காக்காரன். பன்னெண்டு வச்சிருந்தா அதுவும் சொல்ல முடியாது."

திருகை ஆறுக்குக் கொண்டுவந்தாள். கம்பியின் முனையைக் கழற்றி, திருப்பி மாட்டினாள். ஒன்றும் சொல்லாமல் கிராணியார் கையில் கொடுத்தாள். அவர் சொருகினார்.

கண்ணாடியில் கறுப்பாக ஒரு சின்னக் கட்டம் துடித்தது. அணைந்தது. மறுபடியும் துடித்தது.

கட்டம் துடிப்பது பெட்டிக்கு உயிர் இருப்பதற்கு அடையாளம். ஞாபகம் இருப்பதற்கு அடையாளம் இல்லை. அது கார்த்திகேசுவுக்கு மட்டும்தான் தெரியும். மூன்று கட்டையைத் தட்டினார். கண்ணாடி வெறுமையாயிற்று. இடதுபக்கத்திலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக, தயங்கித் தயங்கி, கூட்டத்துக்குள் வரக் கூச்சப்படுகிறவர்களைப் போல் வந்தன.

முதல் வரி. இரண்டாம் வரி. எட்டு வரி.

"இருக்கு" என்றார் கார்த்திகேசு.

அப்புறம் அவரைச் செல்லாயியின் வரிக்குப் போகவே விடவில்லை. ஒவ்வொரு பேரையும் படிக்கச் சொன்னார்கள். "பிச்சைமுத்து, நாலாம் லயம், முதல் வீடு" என்றார். "பலாமரத்து வீடு" என்று நான்கு குரல் சேர்ந்து சொன்னது. "மங்களம், மூணாம் லயம்..." "ஆயாக் கொட்டகைக்கு எதிர் வீடு, அந்த வீட்டுப் பைப்புல தண்ணி நிக்கவே நிக்காது." அந்த லயங்கள் இப்போது இல்லை. மண் தள்ளும் இயந்திரம் வந்து இரண்டு நாளில் வழித்துவிட்டுப் போனதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். ஆனாலும் கிராணியார் வரி வரியாகப் படிக்க, முன்னறைக்குள் வீடு வீடாக எழும்பியது, கதவுக்குக் கதவு, கோழிக்கூண்டுக்குக் கோழிக்கூண்டு. நவமணிகூடத் தேத்தண்ணீரை மறந்து தூணோரம் நின்றாள்.

முப்பத்தேழாம் வரி.

"செல்லாயி. தகப்பன் உடையப்பன். தாய் இருளாயி. இரண்டாம் லயம், ஏழாம் வீடு. முப்பத்து நாலு, ஆகஸ்ட்டு ஒம்போது."

சன்னாசி விரலை மடக்கினார். "முப்பத்து நாலா? அம்பத்து ரெண்டாச்சே! நாப்பத்தெட்டுன்னுதானே சொல்லிட்டுத் திரிஞ்ச? உன்னைத் தங்கச்சி தங்கச்சின்னு கூப்புட்ட எனக்கு நீ அக்காவா?"

செல்லாயி அவரைக் கவனிக்கவில்லை.

"ஏழாம் வீடா? கிராணியாரே, சரியாப் பாருங்க. நாங்க மூணாம் லயத்துல இல்ல இருந்தோம்?"

"பிறந்தது ரெண்டாம் லயம், ஏழு."

"பைப்படிய ஒட்டுன வீடா?" என்றாள் அவள். "முப்பத்தஞ்சு வருசம் அந்த வீட்டு வாசல் வழியாத்தான் பேர் கூப்புடுற பிரட்டுக்குப் போனேன். விடியாத இருட்டுல, வாளி தொங்குற காண்டாவத் தோள்ல மாட்டிக்கிட்டு. ஒருத்தரும் சொல்லல."

கார்த்திகேசு சிவப்பு மை எண்ணைப் படித்தார். ஒரு தாளில் எழுதினார். சரிபார்த்தார். இன்னொரு தாளிலும் எழுதினார். பெட்டியை மட்டும் அணைக்கவில்லை. நவமணியிடம் ஒரு கோடு போட்ட பெரிய நோட்டு வாங்கிவரச் சொல்லி, முதல் வரியிலிருந்து பேனாவால் எழுத ஆரம்பித்தார்.

வியாழக்கிழமை காலை பத்து காஜா பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஈயம் தோண்டிய குட்டைகள் சன்னலில் பளபளத்துப் பின்னால் போயின. கிராணியாரின் சட்டைப் பையில் எண் எழுதிய தாள். அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தவர், பாதி வழியில் வாயைத் திறந்தார்.

"புக்கு கம்பெனியில இல்ல."

"தெரியும்" என்றாள் செல்லாயி.

"தெரியுமா?"

"நவமணி வாளிய வாங்குன அன்னிக்கே தண்ணி மொண்டு குளிச்சுப் பாத்தேன். நல்ல வாளிதான்." சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று அவர் பயந்தார். அழவில்லை, சிரித்தாள். "தோட்டத்துல அத்தன பேரோட பொறப்பையும் குடுத்து ஒரு வாளி வாங்கியிருக்கீங்க தம்பி. ரெண்டாவது கேட்டு வாங்கியிருக்கக் கூடாதா?"

அவள் அவரைத் தம்பி என்றது அதுதான் முதல் தடவை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"நேத்து அந்த எழுத்து வரலன்னா?" என்றார்.

சிரிப்பு நின்றது. "வரலன்னா உங்க மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நோட்டுல எல்லாத்தையும் எழுதி முடிங்க" என்றாள். "என்னோடது மட்டும் இல்ல."

பதிவு அலுவலகத்தில் அந்த ஆபீசர் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். செல்லாயியைப் பார்த்ததும் எழுந்து வந்தார். தாளை வாங்கி எண்ணைப் பார்த்தார். உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. வெளியே பெஞ்சில் செல்லாயி முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள். கார்த்திகேசுவுக்குப் பெட்டியில் ஏற்றிய நாள் ஞாபகம் வந்தது. கறையான் கடித்த பக்கத்தில் எண்ணைத் தப்பாகப் படித்து ஏற்றியிருந்தால்? ஒற்றை விரல் பக்கத்துக் கட்டையில் பட்டிருந்தால்?

ஆபீசர் தூசி படிந்த பெரிய ஏடு ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி வந்தார். முகப்பு மேசையில் பிரித்து, பக்கத்தின் மேல் விரலை ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தினார். "அடா" என்றார். இருக்கிறது. ஏட்டைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார்.

செல்லாயிக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் குனிந்து பார்த்தாள். வரியின் கடைசியில், மங்கிப்போன ஊதா மையில் ஒரு பெருவிரல் ரேகை.

"இது யாரு?"

"பிறப்ப வந்து சொன்னவரு, உடையப்பன். உங்கப்பா" என்றார் கார்த்திகேசு.

ரேகையின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு, மை ஒட்டாத இடம். செல்லாயி அதையே பார்த்தாள். தன் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தாள். அதிலும் குறுக்கே தழும்பு இருந்தது.

"உளி பட்ட வெட்டு" என்றாள். "ஈரத்துல மரத்தப் புடிச்சு வெட்டுனா இங்கதான் வழுக்கும். எங்கப்பா எப்படி இருப்பாருன்னே எனக்கு ஞாபகமில்ல. ரெண்டு வயசுல போயிட்டாரு."

ஆபீசருக்குத் தமிழ் தெரியாது. அவர் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு ஒரு மனுத் தாளை எடுத்து, எழுதவேண்டியதை எல்லாம் அவரே எழுதி, மைப் பெட்டியைத் திறந்து அவள் முன்னால் வைத்தார். கையெழுத்தா, கைநாட்டா என்று கேட்கவில்லை. செல்லாயி பெருவிரலை மையில் அமுக்கினாள். தாளில் வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டி, நிதானமாக எடுத்தாள். கோடு தெளிவாக விழுந்திருந்தது.

ஊதா விரலை எங்கே துடைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். கார்த்திகேசு சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை நீட்டினார். நவமணி சலவை செய்து, மடிப்புக் கலையாமல் கொடுத்து அனுப்பிய வெள்ளைக் கைக்குட்டை.

"கறை போகாதே. வீட்ல கேட்டா?"

"உள்ளதச் சொல்லிக்கிறேன்" என்றார் கிராணியார்.

செல்லாயி வாங்கி, அழுத்தித் துடைத்தாள்.